பெயரை மாற்றிக்கொள்ளவும்

எங்கள் அண்ணி கடிதம் எழுதுகிறவள். பாசக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வாசனையே அவளுக்கு ஆகாது. அவள் எழுதுவதெல்லாம் விடுப்புக் கடிதம், விலகல் கடிதம், விலைப்புள்ளி, நினைவூட்டல், விளக்கம் கேட்டுக் கடிதம், கேட்ட விளக்கத்துக்குப் பதில் கடிதம். ஒரு பெரிய தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் கழித்து அந்தப் பிரிவுக்கே தலைவியாக ஓய்வு பெற்றாள். மேலே "பொருள்", அதற்குக் கீழே "பார்வை", கையெழுத்துக்கு மேலே நான்கு வரி காலி இடம். இந்த ஒழுங்கில் இல்லாத காகிதத்தை அவள் காகிதமாகவே மதிக்கமாட்டாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் மாடியில் இருக்கிறாள், நான் கீழே. கீழ் முன்னறையில் என் ஜெராக்ஸ் கடை. நான் அவள் புருஷனுக்குத் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு என் கடையில் காப்பி எடுத்துத் தருவதில்லை. ஒருநாள் அண்ணி வெளியே போகும்போது என் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். "பொருள்: பால் காய்ச்சுதல் தொடர்பாக. பார்வை: நேற்று மாலை நாம் பேசியது. மேற்படி பால் இன்னும் காய்ச்சப்படவில்லை என்பது கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது. இணைப்பு: மாடிச் சாவி ஒன்று." நான் சிரித்த சிரிப்பில் காப்பி எடுக்க வந்தவர் பயந்துபோய்விட்டார். அண்ணிக்கு அதில் என்ன சிரிப்பு என்று கடைசிவரை புரியவில்லை.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அவள் செய்த பெரிய தப்பை மறைத்தால் என் வாய் அழுகிப்போகும். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய ஒரே பையனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் அண்ணிக்கு உலகம் என்றால் அவன்தான். அவன் குளிர்பதன இயந்திரங்கள் பற்றிப் படித்தான். இருபத்து நான்கு வயதில், கடல் தாண்டி ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்குக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கும் போய்வந்தான். வந்ததிலிருந்து தபால்காரரைக் கண்டால் போதும், படியில் நாலு காலில் இறங்குவான். "அத்தை, எனக்கு ஏதாவது வந்துச்சா?" என்று தினம் என் கடையில் வந்து நிற்பான். வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்ற உத்தரவு வந்தது. ஆனால் அவன் சிநேகிதன் கல்யாணத்துக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்த நேரத்தில் வந்தது. வாங்கியது அண்ணி. பத்து நாளுக்குள் சம்மதம் தெரிவிக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

அண்ணி அதைப் படித்தாள். மேஜை முன் உட்கார்ந்தாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பணியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்" என்று அவன் பெயரில் ஒரு கடிதம் அடித்து, அவன் கையெழுத்தையும் தானே போட்டு, தானே நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தாள். உத்தரவைக் கிழித்துப்போட்டாள்.

பையன் நாலு மாதம் காத்திருந்தான். நாலு மாதமும் அவள் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, "வரும், வரும், பெரிய கம்பெனின்னா லேட்டாத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? இந்த மாதிரித் தப்பு எங்கள் அண்ணியைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். அவள் அந்தக் கடிதத்துக்கு ஒரு அலுவலக நகல் எடுத்து, அனுப்பிய தேதியையும் வரிசை எண்ணையும் போட்டு, அவனுடைய கோப்பிலேயே துளையிட்டுக் கோத்து வைத்திருந்தாள்! நகல் இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போவது அத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பிறப்புச் சான்றிதழைத் தேடிக் கோப்பைப் பிரித்தான். அதற்கு மேலேயே இருந்தது.

"ஏம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்.

"உன் நல்லதுக்குத்தான்" என்றாள் அண்ணி.

அப்போதே "தப்புதான்டா, நீ போயிட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவன் இரண்டு நாள் முறைத்துவிட்டுச் சரியாகியிருப்பான். சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவன் ஒரு பையோடு கிளம்பிவிட்டான். என்னிடம் மட்டும் "வரேன் அத்தை" என்றான். இரண்டு வருஷம் கழித்து அவன் சிநேகிதன் ஒருவன் கடைக்கு வந்து, "நல்லா இருக்கான், வேலையில இருக்கான், நம்பர் மட்டும் தரவேண்டாம்னு சொல்லிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். பதினைந்து வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல் அது.

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் இரங்கியிருப்பேன். வேலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் அவன் கட்டில் விரிப்பை மாதம் இரண்டு தடவை துவைத்துப் போட்டாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு விரிப்பு மாற்றுகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பகலில் என் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "அக்கா, ஒரு லீவு லெட்டர் எப்படி எழுதறதுன்னு சொல்லுங்களேன்" என்று தலையைச் சொறிகிறவர்கள்தான். அண்ணி எழுதிக் கொடுப்பாள். ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர், விலகல் கடிதத்தின் மாதிரி ஒன்றை இணையத்தில் எங்கிருந்தோ பணம் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அதில் "பொருள்" என்ற வரியே இல்லை. அண்ணிக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே!

"வேலையை விடறவன்கிட்ட காசு புடுங்கறானுங்களே, இவனுங்க உருப்படுவானுங்களா? அதுவும் இந்த லட்சணத்துல ஒரு லெட்டருக்கு!"

அந்த மாதமே, எங்கள் கடைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு இணையதளம் தொடங்கிவிட்டாள். கடைக்கும் கம்பெனிக்கும் வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் வேண்டிய எல்லாக் கடிதங்களும் படிவங்களும் அதில் இலவசம். பெயர் பதிய வேண்டாம், ஒன்றும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், தன் பெயரில் அனுப்பிக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தம், அனுபவச் சான்றிதழ், சரக்கு ஒப்படைப்புச் சீட்டு என்று வாரத்துக்கு ஒன்று ஏற்றிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பில் ஒரு வரி: "பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்ளவும்." அடியில் ஒரு பெட்டி: "பிழை கண்டால் தெரிவிக்கவும்." அதற்குக் கீழே, விருப்பப்பட்டால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத இடம்.

சும்மா சொல்லக்கூடாது, தளம் நன்றாகவே ஓடியது. தெருவில் அவளுக்கு "மாதிரி மேடம்" என்றே பெயர் ஆகிவிட்டது. பிழைப் பெட்டியிலும் ஆட்கள் எழுதினார்கள். ஒரு தமிழாசிரியர் வாரம் தவறாமல் ஒரு ஒற்றுப்பிழையாவது கண்டுபிடித்து அனுப்புவார். ஒரு மணி நேரத்துக்குள் அண்ணி திருத்தி, நன்றிக் கடிதமும் அனுப்பிவிடுவாள். அவருக்கும் அவளுக்கும் நடந்த சண்டையை வைத்தே ஒரு புத்தகம் போடலாம்.

மாதிரி என்றால் அதில் ஒரு பெயர் வேண்டுமல்லவா? அண்ணி எல்லாவற்றிலும் மகன் பெயரைப் போட்டிருந்தாள்.

நம் ஜனங்கள் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டா மறுவேலை பார்க்கிறார்கள்? அப்படியே எடுத்து, அப்படியே அச்சடிக்க என் கடைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு ரொட்டிக்கடை முதலாளி, தன்னிடம் ஐந்து வருஷம் உழைத்ததாக என் அண்ணன் மகனுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுக்கப் பார்த்தார். ஒரு நர்ஸ் அவன் பெயரில் மகப்பேறு விடுப்பு கேட்டாள். "ஏங்க, பேரை மாத்துங்க, பேரை மாத்துங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். இந்த வட்டாரத்தில் பாதிக் கம்பெனியில் அவன் வேலைக்குச் சேர்ந்து, மீதிக் கம்பெனியிலிருந்து விலகியிருப்பான்.

ஆரம்பத்தில் எனக்கு இது வெறும் வேடிக்கையாக இருந்தது. வேறு பெயர் தோன்றவில்லை போல என்று நினைத்தேன். ஒருநாள் கடையில் ஆள் இல்லை. அந்தத் தளத்தைத் திறந்து, மாதிரி எண் ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்த்தேன்.

மாதிரி எண் ஒன்று, பணி நியமனத்தை ஏற்றுக்கொள்ளும் கடிதம். அதே குளிர்பதனக் கம்பெனி. அவன் பெயர். தேதி, பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பத்து நாள் கெடுவுக்குள் வருகிற ஒரு தேதி. "தாங்கள் வழங்கிய பணியை மிக்க மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருந்தது.

அடுத்து, ஒன்பதாவது: தகுதிகாண் பருவம் முடிந்ததாக அவனுக்கு உத்தரவு. இருபத்திரண்டு: ஊதிய உயர்வு. முப்பத்தைந்து: அவனுடைய திருமணத்துக்கு விடுப்பு. நாற்பத்தொன்று: குடும்பத்தோடு தங்க வீடு ஒதுக்கித் தரக் கோரிக்கை, தெற்குப் பார்த்த சன்னல் இருந்தால் நல்லது என்று வேறு. அறுபது: பதவி உயர்வு. எண்பத்தெட்டு: தனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதால் ஐந்து நாள் விடுப்பு வேண்டும் என்று மேலாளருக்குக் கடிதம். நடுநடுவே ஊருக்குப் போடுகிற விலைப்புள்ளியும் ஒப்பந்தமும் இருந்தன. ஆனால் கோத்துப் பார்த்தால் அந்தப் பையன் அந்த வேலைக்குப் போயிருந்தால் எப்படி வாழ்ந்திருப்பானோ, அதை அவள் ஒரு தாள் விடாமல் எழுதி வைத்திருந்தாள்.

பாவம் என்று சொல்லத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றியது. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டதில்லை. அப்படியே மாடி ஏறினேன்.

"அண்ணி, ஒரு தடவை அவன் வாழ்க்கையை நீங்க எழுதினது போதாதா? இன்னும் எழுதிக்கிட்டே இருக்கீங்களே!"

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன சொல்ற நீ?"

"பொண்ணு பொறந்திருக்காமே? நாத்தனார்கிட்டகூடச் சொல்லாம பேத்தி எடுத்துட்டீங்களே!"

முகம் சுருங்கிப்போய்விட்டது. அதற்கப்புறமாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

"இத்தனை லெட்டர் போடறீங்க. நான் பண்ணது தப்புன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடக்கூடாதா? அவன் எங்கயாவது பாக்கமாட்டானா?"

"தப்பு தப்புன்னு நீதான் சொல்லிக்கிட்டிருக்க. அவனை அனுப்பிட்டு நான் இங்க உக்காந்திருக்கணுமா?"

"இப்ப மட்டும் எங்க உக்காந்திருக்கீங்க?"

அண்ணி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தப்பு செய்தவள்தான், அதற்காக நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது சரியாகிவிடுமா? மூன்றாம் நாள் அவளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் பேசாமல் டீயை வைத்தேன். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான்.

அது நடந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் முற்பகல், கடையில் கூட்டம். பிழைப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, "ஏய், இங்க வா" என்றாள். குரல் சரியில்லை. எட்டிப் பார்த்தேன்.

"மாதிரி எண் 88. பெண் குழந்தை என்பது பிழை. இரண்டு ஆண் குழந்தைகள்."

பெயர் இல்லை. எண் இல்லை. அவ்வளவுதான்.

வரிசையில் நின்றவர்கள், "அக்கா, இன்னும் ரெண்டு காப்பி" என்று கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு யாராவது விளையாடியிருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அண்ணிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. மேலே எண் போட்டு, "பிழை" என்று எழுதியிருக்கிறான் பார், இந்த ஒழுங்கு வேறு யாருக்கு வரும் என்றாள். அப்போதுதான் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் அழுததைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். வரிசையில் நின்ற ஒரு பெண், என்ன ஏது என்று தெரியாமலே தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடனே திருத்தினாள். "எனக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்திருப்பதால்" என்று. அதற்கு நன்றிக் கடிதம் அனுப்ப முகவரி இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்த வேலையைச் சொன்னால் அந்தத் தமிழாசிரியர் நம்பமாட்டார். ஒரு ஒற்றெழுத்துக்காக மூன்று நாள் சண்டை போட்ட எங்கள் அண்ணி, வேண்டுமென்றே பிழை செய்ய ஆரம்பித்தாள்! பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு மாதிரி போட்டாள். அவன் பெயரில்தான். மூத்த மகன் மூன்றாம் வகுப்பு, இளைய மகன் ஒன்றாம் வகுப்பு என்று போட்டாள். போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் கழித்து வந்தது.

"மாதிரி எண் 204. வகுப்பு பிழை. இரட்டையர். இருவரும் நான்காம் வகுப்பு."

இரட்டையராம்! அன்றைக்கு நான் கடையைப் பாதியிலேயே சாத்திவிட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் ஜாடையாக இருப்பார்கள் என்று சாயங்காலம்வரை வாயாடினோம். மூக்கு எங்கள் அண்ணன் மூக்காகத்தான் இருக்கும் என்றேன் நான். அந்த மூக்கு வேண்டாம், குழந்தைகள் பாவம் என்றாள் அண்ணி. அவள் அப்படிப் பேசிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

ஆனால் அதோடு நின்றுபோயிற்று. அவன் வேலை செய்யும் இடத்தைத் தப்பாகப் போட்டுப் பார்த்தாள், வீட்டு விலாசத்தைத் தப்பாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு மாதம், மூன்று மாதம், பத்து மாதம். தான் எங்கே இருக்கிறேன் என்பதை மட்டும் அவன் சொல்ல விரும்பவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துதான் இருக்கும். காலையில் எழுந்ததும் பெட்டி, சாப்பிட்டதும் பெட்டி, படுக்கப் போகுமுன் பெட்டி. மெலிந்துபோனாள். புது மாதிரி ஏற்றுவதும் குறைந்துபோயிற்று. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தப் பையன்மேல்தான் வந்தது. பெற்றவளை இப்படியா ஏங்கவிடுவது என்று திட்டுவேன். அவனுக்கும் நாலு மாதம் தபால்காரரைப் பார்த்து ஏங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது என்று பிறகு நினைத்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஆளாக ஒருவர் வந்தார். கண் வீங்கியிருந்தது. நேற்று அம்மா தவறிவிட்டார், அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் கொடுக்கவேண்டும், அச்சடித்துத் தாருங்கள் என்றார். தளத்திலிருந்து எடுத்த மாதிரிதான், சொல்லவேண்டுமா? அச்சிட்டுத் தாளைக் கையில் எடுத்துப் பெயரைப் பார்த்தேன்.

மாதிரி எண் 213. என் அண்ணன் மகன் தன் மேலாளருக்கு எழுதியிருந்தான். "என் தாயார் கடந்த வெள்ளிக்கிழமை, காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." தாயார் பெயர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர். முழுப் பெயர், தகப்பன் முதலெழுத்தோடு.

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி சன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எத்தனையோ பேர் அந்த லெட்டர் வேணும்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் போடாம வெச்சிருந்தேன்."

"அதுக்கு உங்க பேரா?"

"எல்லாத்துலயும் அவன் பேருதானே இருக்கு. அவன் அம்மாவுக்கு வேற யார் பேரைப் போடறது?"

"அண்ணி, வாயை மூடுங்க. நாக்குல வசம்பைத் தேய்க்கணும் உங்களுக்கு."

அவள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். "இதையும் பாத்துட்டு அவன் சும்மா இருந்தான்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரியும்?"

"நான் அவனுக்கு எப்பவோ செத்துட்டேன்னு. தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நிம்மதியா இருப்பேன். எனக்கு அவனைப் பாக்கணும் போல இருக்குடி. தாங்கல."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். நான் திட்ட வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கீழே அம்மாவைப் பறிகொடுத்தவர் காத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப்போய், பெயரையும் அவருடைய அம்மா பெயரையும் நானே மாற்றி அச்சடித்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். அண்ணி பெட்டியைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். பயம். நான்தான் திறந்து பார்ப்பேன். இல்லை என்று தலையாட்டுவேன். தமிழாசிரியர் மட்டும், 213இல் "காலமானார்" என்பதற்குமுன் காற்புள்ளி வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்த மனிதரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பதினோராவது நாள் காலை பத்து மணி. கடையைத் திறந்து, ஊதுவத்தி ஏற்றிவிட்டு, பெட்டியைத் திறந்தேன்.

"மாதிரி எண் 213. இதில் உள்ள விவரம் பிழையா, உண்மையா? உடனடியாகத் தெரிவிக்கவும்."

கீழே, இத்தனை நாளாகக் காலியாக இருந்த இடத்தில், ஒரு தொலைபேசி எண்.

கத்தினேன். அண்ணி இறங்கி வந்தாள். படித்தாள். என் ஃபோனை அவள் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்த விரல்கள், பத்து எண்ணை அழுத்த முடியாமல் தடுமாறின. பிடுங்கி நானே போட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"நான் அத்தை பேசறேன்" என்றேன்.

"அத்தை… அம்மா?" என்றான். குரல் தடித்துப்போயிருந்தது. நாற்பது வயது ஆம்பளை குரல்.

"உசுரோடதான் இருக்கா. எதிர்ல கல்லு மாதிரி உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து என் உசுரைத்தான்டா வாங்கறீங்க! எப்படிடா கண்டுபிடிச்ச இந்தத் தளத்தை?"

அவனுடைய கம்பெனியில் கிடங்குக் காவலாளி ஒருவர் விடுப்புக் கடிதம் கொண்டுவந்து நீட்டினாராம். அடியில் இவன் பெயர். என் பேர்ல நீ எதுக்கு லீவு கேக்கற என்று சத்தம் போட்டிருக்கிறான். அவர் தளத்தைக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியையும் படித்துக்கொண்டுதான் இருந்தானாம், ஒன்றாம் எண்ணிலிருந்து. இவ்வளவையும் மடமடவென்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் ஃபோனை அண்ணியின் காதில் வைத்தேன்.

அண்ணி எத்தனை நாள் இதற்காக வார்த்தை சேர்த்து வைத்திருப்பாள்! ஒன்றும் வரவில்லை. கடைசியில், "அந்த லெட்டர் நான் எழுதினது தப்புடா" என்றாள்.

"எந்த லெட்டர்மா?" என்றான். சத்தமில்லாத கடையில் எனக்கே நன்றாகக் கேட்டது.

"ரெண்டும்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"மொதல்ல அதை எடும்மா. என் பேர்ல அந்த லெட்டர் இருக்கவேணாம்."

அண்ணி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். 213ஐத் தேடி, அழித்தாள். "எடுத்துட்டேன்" என்றாள்.

"சரி."

"எடுத்துட்டேன்டா கண்ணு."

"சரிம்மா."

வாசலில் ஒருவர் கையில் தாளோடு வந்து நின்றார். அப்புறம் வாங்க என்று நான் சைகை காட்டி அனுப்பினேன். அண்ணி பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆனால் அவன் ஃபோனை வைக்கவில்லை.